மாதாவா சாதாவா

ஆரணி,
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிங்கராயர் எழுதுவது. நானும் ஜெசியும் சுகம். என் வலது கால் தனியாகச் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மடத்துக்குப் போனவர்களை ‘நீங்கள்’ என்றுதான் எழுத வேண்டுமாம், பங்குச் சாமியார் சொல்கிறார். முப்பத்தேழு வருடமாக வராத மரியாதை இனிமேலா வரப்போகிறது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக் மோதி என் காலுக்குள் கம்பி வைத்தார்களே, அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு பொருத்தனை செய்தேன். மறுபடி தறிக்குழியில் இறங்கி இந்தக் காலால் மிதிக்க முடிந்தால், அப்படி மிதித்து நெய்த முதல் நல்ல புடவையை எடுத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே வந்து மாதாவுக்குக் கொடுப்பேன் என்று. உன்னிடம் அப்போது சொல்லவில்லை. கால் சரியாகாவிட்டால் மாதாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புடவை முடிந்துவிட்டது அக்கா. ஆகாய நீலம், ஒரு சாண் ஜரிகை பார்டர், முந்தியில் சின்னச் சின்னக் கிரீடம். அதை நெய்கிறபோது தறியில் யாரையும் உட்காரவிடவில்லை. அதே நேரத்தில் லோகநாதன் கடைக்கு ஜரிகை இல்லாத பாக்குக் கலர் புடவை ஒன்றும் முடித்தேன். இரண்டையும் பேப்பரில் சுற்றி, மேலே பேனாவால் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இருபத்தாறாம் தேதி விடியற்காலை புறப்பாடு. நாற்பது பேர். டேவிட்ராஜ் வாத்தியார்தான் தலைவர். சேத்துப்பட்டு, செஞ்சி, விழுப்புரம், கடலூர் என்று போய் செப்டம்பர் எட்டுத் திருவிழாவுக்கு முன்னால் சேர வேண்டும். “கம்பி வச்ச காலை வச்சிகினு இன்னாத்துக்குப்பா இந்த வேலை?” என்று ஜெசி தினமும் சண்டை போடுகிறாள். நீ எனக்காகச் செபம் செய்துகொள்.

உன் தம்பி
சிங்கராயர்

மடம்,
19 ஆகஸ்ட் 2024

அன்பான தம்பி சிங்கராயனுக்கு,

அக்கா சூசைமேரியின் ஆசீர். என் முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. செபம் சொல்லும்போது மட்டும் தன்னை நினைவுபடுத்தும். உங்கள் இருவருக்கும் குறையொன்றும் இல்லை என்று தெரிந்து நிம்மதி.

உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு கண் கலங்கினேன். சிரித்ததற்குக் காரணம் உன் கையெழுத்து. ‘மாதாவுக்குக் கொடுப்பேன்’ என்று நீ எழுதியதை ‘சாதாவுக்குக் கொடுப்பேன்’ என்று படித்து, யாரடா இந்தச் சாதா என்று குழம்பிப்போனேன். நாலாம் வகுப்பில் உன் ம-வையும் ச-வையும் பிரிக்க முடியாமல் டீச்சர் உன் காதைத் திருகியது ஞாபகம் இருக்கிறதா? காதுதான் நீண்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.

நீ நடக்கப்போகிறாய் என்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே எனக்கு நடை என்றால் படுக்கையறையிலிருந்து கோயில், கோயிலிலிருந்து சாப்பாட்டறை, சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி ஆறு முறை. கடைசியாக நான் வெளி ரோட்டில் நடந்தது நீயும் அப்பாவும் என்னை இந்த வாசலில் கொண்டுவந்து விட்ட அன்றுதான்.

மழைக்கு எங்கள் கட்டிடம் ஒழுகுகிறது. இருபத்திரண்டு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். போன மாதம் ஆயர் வந்து மதரோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். அது இருக்கட்டும்.

மாடியில் ஒரு ரூம் கட்டியதாக எழுதியிருந்தாயே, அதில் இப்போது யார் இருக்கிறார்கள்? சும்மாதான் கேட்டேன். காலில் துணி சுற்றிக்கொண்டு நட. வீம்பு பிடிக்காதே.

உன் அக்கா
சூசைமேரி

ஆரணி,
28 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள அத்தைக்கு,

ஜெசி வணக்கத்துடன் எழுதுவது. நான் கடிதம் எழுதி ஐந்தாறு வருடம் ஆகிறது, தப்பு இருந்தால் திட்டாதீர்கள். உங்கள் மடத்தில் போன் பேச முடியாது என்பதால் இந்தப் பேப்பரும் பேனாவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை, ஒரு பெரிய பேஜார் நடந்துவிட்டது. நான் லோகநாதன் அண்ணன் கடையில் ஆன்லைன் ஆர்டரெல்லாம் போட்டோ எடுத்து பேக் செய்கிற வேலையில் இருக்கிறேன். அப்பா திங்கட்கிழமை நாலு மணிக்கே எழுந்து, லைட் கூடப் போடாமல் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதி இருந்த பொட்டலத்தை நான் கடைக்குக் கொண்டுபோனேன். மேலே ‘சாதா’ என்றுதான் படித்தேன். அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, சாதா கேட்டா உங்கப்பா ஜரிகைய வாரி இறைச்சிக்கிறாரு?” என்றார். நீலப் புடவை. கிரீடம் போட்ட முந்தி.

நான் விஷயத்தைச் சொன்னதும், “சாமிக்குன்னு நெய்தத நான் விக்கமாட்டேம்மா, எட்த்துகினு போ” என்று கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன். ஆனால் அப்பா இப்போது பாக்குக் கலர் புடவையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறார்! அவர் போனுக்கு அடித்தால் அணைந்திருக்கிறது என்று வருகிறது. டேவிட்ராஜ் வாத்தியார் நம்பர் இருக்கிறது. சொன்னால் அப்பா என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். திரும்பி ஆரணிக்கு நடந்து வந்து, புடவையை மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் கால் தாங்காது. அதனால் நான் சொல்லவில்லை. நான் செய்தது பாவமா?

இன்னொன்று. மாடி ரூமில் யாரும் இல்லை. பழைய தறிக்கட்டைகளும் ஒரு உடைந்த சைக்கிளும்தான் இருக்கின்றன. அப்பா உங்கள் கேள்விக்குப் பதில் எழுதியிருக்க மாட்டார் என்று தோன்றியது, அதான்.

அன்புடன்
ஜெசி

பண்ருட்டி,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி உயிரோடுதான் இருக்கிறான். கால் பாதி சுகம், மனசு முழுச் சுகம். இங்கே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடத்தில் எல்லோரும் நலம்தானே?

சொல்வதற்கு நிறைய இருக்கிறது, எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சேத்துப்பட்டு தாண்டுவதற்குள் செருப்பு வார் அறுந்தது. செஞ்சியில் பிடித்த மழையில் போன் நனைந்து செத்தது. புடவையை மட்டும் மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்ததால் ஒரு சொட்டு படவில்லை. மூன்றாம் நாள் காலை கால் வீங்கிவிட்டது. “நீங்க போங்க வாத்தியாரே, நான் பின்னாலயே வந்துகினு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால், கூட்டு ரோட்டில் காவித் துணி கட்டிய கும்பல் ஒன்று மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. நம்மவர்கள்தான் என்று பின்னாலேயே போனேன்.

எவ்வளவு தூரம் போனேன் தெரியுமா? ஒன்பது கிலோமீட்டர்! நடுவில் உற்சாகம் வந்து “மரியே வாழ்க!” என்று சத்தம் போட்டேன். கும்பல் மொத்தமும் திரும்பிப் பார்த்து “அரோகரா!” என்றது. அக்கா, அவர்கள் மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். நானும் காவி, அவர்களும் காவி. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “நீங்க மாதா கோயிலுக்கா? இந்த ரோடு இல்லியே சாமி! மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் திரும்புங்க” என்று புளிச்சோறு கொடுத்தார். தருமன் என்று பெயர். தன் செருப்பைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டு, “நமக்கு கோயில் கிட்டக்க வந்துட்ச்சி” என்று வெறுங்காலோடு போய்விட்டார்.

திரும்பி அதே ஒன்பது கிலோமீட்டர் தனியாக நடந்தேன். கால் வலி உயிர் போகிறது. போன் இல்லை, துணைக்கு ஆள் இல்லை, வந்த வழியே திரும்புகிறேன். அப்போதுதான் அது வந்தது. சிரிப்பு. நடு ரோட்டில் நின்று நான் பாட்டுக்குச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை, ஜெசியின் அம்மா மேலே இருந்து கேட்டாலும் பரவாயில்லை. மழை பெய்து விட்டிருந்தது, வயலில் கொக்கு இருந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

இது என்ன அக்கா? எல்லாம் தப்பாகப் போகிறபோது ஒருவனுக்கு ஏன் சந்தோஷம் வருகிறது? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீ முப்பத்தேழு வருடம் செபத்தில் இருப்பவள், உனக்குத் தெரிந்திருக்கும். எழுது. ஒருநாள் கழித்து நம் கும்பலைப் பிடித்துவிட்டேன், பயப்படாதே.

சிங்கராயர்

வேளாங்கண்ணி,
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கால் இனிமேல் என்னோடு பேசாது போலிருக்கிறது. உனக்கும் மதருக்கும் மடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே சொல். காணிக்கைப் புடவை வாங்குகிற இடத்தில் மூன்று மணி நேரம் வரிசை. என் முறை வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். பாக்குக் கலர்! லோகநாதன் கடைப் புடவை! ஒரு இழை ஜரிகை கிடையாது. அக்கா, பதின்மூன்று நாள் இதையா தலைமேல் சுமந்தேன்?

உள்ளே இருந்த அம்மா கையை நீட்டி, “குடுங்கய்யா, பின்னாடி ஆளு நிக்கிறாங்க” என்றார். நான், “இது சாதாவுங்க” என்றேன். பக்கத்தில் மைக்கில் பாட்டு. “மாதாவுக்குத்தானே?” என்றார் அவர். “இல்லங்க, சாதா!” “அதைத்தான்யா கேக்குறேன், மாதாவுக்குத்தானே?” “சாதாவுங்க!” “ஆமாங்கய்யா, மாதாவுக்கு! குடுங்க!” என்று என் கையிலிருந்து பிடுங்கி, ரசீதில் ‘மாதா புடவை 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். முடிந்தது என் நேர்த்திக்கடன்.

வெளியே வந்து மணலில் உட்கார்ந்தேன். அழ வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. மறுபடியும் அந்தச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பாக்குக் கலரையும் இதே காலால்தானே மிதித்து நெய்தேன்? ஆனால் நான் வாக்குக் கொடுத்தது அதை இல்லையே. பொருத்தனை நிறைவேறியதா, இல்லையா? நீலப் புடவையை இந்நேரம் யார் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ! ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.

சிங்கராயர்

மடம்,
24 செப்டம்பர் 2024

அன்பான தம்பிக்கு,

நீ வீடு சேர்ந்து, கால் தலையணைமேல் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. புடவை மாறிய விஷயம் எனக்கு முன்பே தெரியும். ஜெசி எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே. நீலப் புடவை பத்திரமாக உன் வீட்டில்தான் இருக்கிறது என்று இந்நேரம் சொல்லியிருப்பாள். நேர்த்திக்கடன் நிறைவேறியதா என்று கேட்டாய். ரசீது கொடுத்துவிட்டார்களே, பிறகென்ன?

இன்னொன்றும் கேட்டிருந்தாய். எல்லாம் தப்பாகப் போகும்போது ஏன் சந்தோஷம் வருகிறது என்று. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தெரியவில்லை, சிங்கராயா. உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இப்போது இல்லை. இங்கே ஜனவரியோடு இந்த மடத்தை மூடுகிறார்கள். மற்றவர்கள் ஆந்திராவில் இருக்கிற எங்கள் மடத்துக்குப் போகிறார்கள். வயதாலோ உடம்பாலோ முடியாதவர்கள் விரும்பினால் ஆயரிடம் அனுமதி கேட்டு, முதலில் ஒரு வருடம் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கலாமாம்.

இங்கே ஒரு சிஸ்டர் அப்படிக் கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கிறாள். புது மொழி, புது இடம் அவளுக்கு முடியாது. முதுகில் அவளுக்கும் வலி. ஆனால் வெளியே போகவும் பயம். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறானாம். நல்லவன், கொஞ்சம் மந்தம். அவன் வீட்டில் இடம் இருக்குமா, கேட்டால் சங்கடப்படுவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நீ உலகம் பார்த்தவன். நீ என்ன நினைக்கிறாய்?

உன் அக்கா
சூசைமேரி

ஆரணி,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். வீக்கம் வடிந்து நேற்றிலிருந்து தறியில் உட்காருகிறேன். லோகநாதனுக்கு வேறொரு பாக்குக் கலர் பாதி ஓடியிருக்கிறது. நீலப் புடவையை ஜெசி அலமாரியில் பூட்டிச் சாவியை அவளே வைத்துக்கொண்டாள்.

மடத்தை மூடுவது கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆந்திரா என்றால் நான் உன்னைப் பார்க்க வருவது இன்னும் தூரம். பரவாயில்லை, நடந்தேவா வரப்போகிறேன்?

அந்த சிஸ்டர் விஷயம் கேட்டாய். என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். அவர்களிடம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல், வேண்டாம் என்று. அத்தனை வருடம் உள்ளேயே இருந்துவிட்டு வெளியே வந்தால் என்ன தெரியும்? கேஸ் அடுப்பு தெரியாது, செல்போன் தெரியாது, ஆரணிக் கடைத்தெரு மாதிரி இடத்தில் ரோடு தாண்டத் தெரியாது. தம்பி நல்லவனாகவே இருக்கட்டும். அவன் குடும்பம் அவனுக்கு. யார் வந்து யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் இந்தக் காலத்தில்? அக்கம்பக்கத்தில், “மடத்துலேந்து ஏன் வந்துட்டாங்க?” என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். நாலு நாள் நல்லபடி போகும், ஐந்தாம் நாள் இரண்டு பேருக்கும் கஷ்டம். மாதா காலடியை விட்டுவிட்டு எதற்கு அந்த அவஸ்தை?

நல்லவேளை, உனக்கு அப்படிப்பட்ட குழப்பமெல்லாம் இல்லை.

சிங்கராயர்

மடம்,
19 அக்டோபர் 2024

அன்பான தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் இருவரையும் செபத்தில் நினைக்கிறேன். நீ சொன்னதை அந்த சிஸ்டரிடம் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டாள்.

இங்கே மழை. வேலை அதிகம்.

சூசைமேரி

ஆரணி,
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்ததா? இங்கிருந்து நான் எழுதிக்கொண்டே இருந்தும், அங்கிருந்து ஒரு வரி வரவில்லை. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால், கிறிஸ்துமஸ் வரை உங்கள் மடத்தில் கடிதமே எழுதமாட்டீர்கள் என்று தெரியும். அதற்குள்ளாவது எழுதக் கூடாதா?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மாதாவுக்குச் சாதாப் புடவையைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று கோபமா? அந்த நேரத்தில் சிரித்தேன் என்று எழுதியது தப்பா? அப்படி இருந்தால் வரும் ஆகஸ்டில் நீலப் புடவையோடு மறுபடி நடக்கிறேன். முருகன் ரோட்டில் போகமாட்டேன். ஆனால் எதற்குக் கோபம் என்று தெரியாமல் நடப்பது கஷ்டம் அக்கா.

கடைசிக் கடிதத்தில் ‘உன் அக்கா’ என்று எழுதாமல் வெறும் பேர் மட்டும் போட்டிருந்தாய். மறந்துவிட்டாயா?

சிங்கராயர்

ஆரணி,
29 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. இந்தத் தடவை யாருடைய சுகத்தையும் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கு வாழ்த்து அட்டை அனுப்ப விலாசம் தேடி ஜெசி என் தகரப் பெட்டியைக் கிளறினாள். உன் செப்டம்பர் கடிதம் கையில் கிடைத்தது. நின்றபடியே படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“யப்பா, இந்த சிஸ்டர் யாரு?”

“யாரோ. அவங்க மடத்துல இருக்கறவங்க.”

“முதுகுல அவங்களுக்கும் வலின்னு எழுதிக்கிறாங்க.”

“வயசானா வராதா?”

“தம்பி ஒருத்தன் இருக்கறானாம். நல்லவன், கொஞ்சம் மந்தம்னு எழுதிக்கிறாங்க. இன்னுமா ஒனக்குத் தெரியல?”

நான் தறிக்குழியில் கால் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். நான் உனக்கு என்ன பதில் எழுதினேன் என்று ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. கேஸ் அடுப்பு. ரோடு தாண்டத் தெரியாது. ஐந்தாம் நாள் கஷ்டம். கடைசியில் ‘நல்லவேளை’ என்று ஒரு வரி. அதைப் படித்து நீ எப்படித் தூங்கினாய் அக்கா? நானும் அழுதேன். வேளாங்கண்ணி மணலில் வராத அழுகை எல்லாம் வந்தது.

அந்த சிஸ்டரிடம் சொல். அவள் தம்பி மந்தம் என்றது உண்மை. நல்லவன் என்றதுதான் சந்தேகம். ஒன்பது கிலோமீட்டர் அரோகரா கும்பலோடு போன ஆள் அவன். தப்பு ரோடு என்று யாராவது சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். இப்போது திரும்பி நடந்துகொண்டிருக்கிறான்.

மாடி ரூமில் இருந்த கட்டையெல்லாம் இறக்கியாயிற்று. சைக்கிளை எடைக்குப் போட்டேன். சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம் தலை வைத்தால் கோயில் மணி கேட்கும். முதுகுக்கு மாடிப்படி ஆகாது என்று ஜெசி சொல்கிறாள்; அப்படியானால் நான் மேலே போகிறேன், கீழ் ரூம் உனக்கு. தறிச் சத்தம்தான் கேட்கும். அது உனக்குப் பழகின சத்தம்தானே?

அனுமதி கேட்கக் காலம் தாண்டிவிட்டதா? ஆந்திராவுக்குப் பேர் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் ஆயர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன். வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் வா.

உன் தம்பி
சிங்கராயர்

மடம்,
10 ஜனவரி 2025

அன்பான தம்பி சிங்கராயனுக்கு,

சுகத்தை விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. அதனால் நானே சொல்கிறேன், சுகமாக இருக்கிறேன்.

அந்த சிஸ்டர் நான்தான். நேராகக் கேட்காமல் உன்னைச் சுற்றவிட்டது என் தப்பு. முப்பத்தேழு வருடம் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டால், வாய் பழக்கம் விட்டுவிடுகிறது. உன் அக்டோபர் கடிதத்தைப் படித்து வலித்தது. பொய் சொல்லமாட்டேன். மறுநாளே ஆந்திராவுக்குப் பேர் கொடுத்தேன். உன் டிசம்பர் கடிதத்தை மதரிடம் காட்டினேன். அவர் உடனே என் பேரை அடித்துவிட்டு ஆயருக்குப் போன் போட்டார். ஒரு வருடத்துக்கு அனுமதி வந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்னதெல்லாம் நிஜம்தானே? கேஸ் அடுப்பு எனக்குத் தெரியாது. வெளியே போவது கடவுளை விட்டுப் போவதா, அவரோடு போவதா என்று விளங்கவில்லை. இரவெல்லாம் ஒன்று சரி என்று படுகிறது, காலையில் இன்னொன்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பார், கேட்கப் பழகிவிட்டேன். இந்த உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வர எனக்கு ஒரு புடவை வேண்டும். கடையில் வாங்கித் தருவதாக மதர் சொல்கிறார். எனக்கு நம் வீட்டுத் தறியில் நெய்ததுதான் வேண்டும். சாதா போதும். தபாலில் அனுப்பு. பொட்டலத்தின் மேல் தயவு செய்து ஜெசியை எழுதச் சொல்.

உன் அக்கா
சூசைமேரி

மடம்,
25 ஜனவரி 2025

அன்பான தம்பிக்கு,

உன் வீட்டில் இரண்டு பேரும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பொட்டலத்துக்குள் கடிதம் இல்லை. புடவை மட்டும்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச அனுமதி உள்ள நேரத்தில், எல்லோர் முன்னாலும் பிரித்தேன். மேல் பேப்பரில் எழுதியிருந்தது ஜெசி கையெழுத்து இல்லை. உன்னுடையது. நான் ‘சாதா’ என்று படித்தேன். உள்ளே ஆகாய நீலம். ஒரு சாண் ஜரிகை. முந்தியில் கிரீடம்.

மற்ற எட்டுக் கிழவிகளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு பெரிய வழக்கு நடந்தது. மதர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ‘சா’ என்றார். சிஸ்டர் பிரகாசி இல்லை ‘மா’ தான் என்று அடித்துச் சொன்னார். ஓட்டுப் போட்டோம். சா-வுக்கு ஐந்து, மா-வுக்கு நாலு. இந்த மடத்தில் இவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. மூடப்போகிற மடம், மேலே ஒழுகுகிற கூரை, ஆளுக்கொரு திசையில் பிரியப்போகிறோம், நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நீ பண்ருட்டியிலிருந்து கேட்டாயே, அது ஏன் என்று. எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும்.

மறுபடியும் மாற்றி எடுத்துவிட்டாயா, சிங்கராயா? இல்லை, தெரிந்தேதான் அனுப்பினாயா? மாதாவுக்கு நேர்ந்ததை நான் கட்டலாமா என்று மதரிடம் கேட்டேன். “மாதாவுக்குத்தான் ரசீது போட்டுக் கொடுத்தாயிற்றே” என்றார். பதில் எழுதாதே. கடிதம் வருவதற்குள் நான் அங்கே இருப்பேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

முப்பத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் திறப்பார்கள். வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம் முக்கால் கிலோமீட்டர். ஆட்டோ பிடிக்காதே, நடந்து போகலாம். புடவைக்குக் கொசுவம் எப்படி வைப்பது என்று எனக்கு மறந்துவிட்டது. ஜெசியை உள்ளே விட மதர் சம்மதித்திருக்கிறார். வரும்போது நாலு ஊக்கு வாங்கி வரச் சொல்.

உன் அக்கா
சூசைமேரி